ஒரு புள்ளி விடாமல்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் எஸ்தர். கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். சீடனுக்கு வயது நாற்பத்தெட்டு, உடம்பு எண்பத்தெட்டு கிலோ. பெயர் சென்னியப்பன். திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா.

நடுவில் நான். யாரும் கூப்பிடாமலே கூடப் போனவன்.

விஷயம் மூன்று மலைப் பந்தயம். மலை சைக்கிளில் மூன்று பகல், முந்நூறு கிலோமீட்டர். தேயிலைத் தோட்டம், யூகலிப்டஸ் காடு, கல் ரோடு, ரோடே இல்லாத ரோடு. வெளி ஆள் யாரும் உதவக் கூடாது. வழியை நீயே பார், பஞ்சரை நீயே ஒட்டு. கடை கண்ணியில் காசு கொடுத்துச் சாப்பிடலாம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் கோத்தகிரி வந்து சேர வேண்டும்.

போன வருஷம் அதில் எஸ்தர் பெண்களில் முதலாவதாக வந்தாள். அதே வருஷம் எங்கள் மாமா ஜீப்பில் வந்தார்.

ஆமாம், ஜீப்பில். கடைசி நாள் வழி தப்பி, ஏதோ ஒரு மேட்டில் உட்கார்ந்து, போதும்டா சாமி என்று போன் போட்டு, ஜீப்பை வரவழைத்து, சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து திருப்பூரில் அவர் பேர் ஜீப் சென்னியப்பன். டீக்கடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கோபம் வந்தால் என் அக்காவும் அப்படித்தான். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்த வருஷம் என்ற ரெண்டு சக்கரத்துலயே வந்து சேரோணும் மாப்ள. இல்லீன்னா சைக்கிளை வித்துப்புட்டு வாக்கிங் போயிருவேன்." அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எஸ்தர் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். மாமா ஒரு போர்வையை விரித்துக் கடை பரப்பினார். மெல்லிசு டயர் ஒரு ஜோடி, காற்றாக இருக்கும். தடிச்ச டயர் ஒரு ஜோடி, எருமைத் தோல் மாதிரி இருக்கும். வழி காட்டும் மிஷின் இரண்டு. ஒன்று போன் அளவு பெரிய திரை. இன்னொன்று தீப்பெட்டி அளவு, ஓரத்தில் பட்டன்.

எதைப் போடுவது என்று வாட்ஸப் குரூப்பில் கேட்டிருந்தார். அங்கே நாற்பது பேர் நாற்பது டயர் சொன்னார்கள். இரண்டு பேர் சண்டை போட்டு குரூப்பை விட்டே போய்விட்டார்கள்.

"மாஸ்டர், எதைப் போடட்டுமுங்க?" என்றார் மாமா. அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அது பிடிக்காது.

"நீங்கதானேண்ணா ஓட்டப் போறீங்க."

"நீங்க என்ன போட்டீங்க?"

எஸ்தர் சுவரில் சாய்ந்திருந்த தன் சைக்கிளைக் காட்டினாள். மெல்லிசு டயர்.

"காத்து எவ்வளவுங்க?"

"பதினெட்டு."

"மிஷின்?"

அவள் ஸ்வெட்டர் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். தீப்பெட்டி.

மாமா முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "முடிஞ்சுதுங்க! அதே டயரு, அதே காத்து, அதே மிஷினு!"

"மாமா, அந்தப் பொண்ணு அம்பது கிலோ கூட இருக்காது. நீங்க..."

"நீ சும்மா இரு மாப்ள. ஜெயிச்சவங்க சொல்றாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையேண்ணா" என்றாள் எஸ்தர்.

மாமா காதில் அது விழவே இல்லை. அடுத்ததற்குத் தாவிவிட்டார். "இன்னொண்ணு மாஸ்டர். பந்தயம் நடத்தறவங்க ஒரு வழி அனுப்பியிருக்காங்க. அது எனக்கு வேண்டாமுங்க. நீங்க போன வழி வேணும். உங்க மிஷின்ல இருக்குமல்லோ?"

இருக்கும். சைக்கிள் ஓட ஓட இந்த மிஷின் நொடிக்கு நொடி ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகும். புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடு. அந்தக் கோட்டை இன்னொருத்தர் தன் மிஷினில் ஏற்றிக்கொண்டு அதன் மேலேயே ஓட்டலாம்.

"அவங்க குடுத்தது வெறும் கோடுங்க மாஸ்டர். உங்களுது ஜெயிச்ச கோடு."

எஸ்தர் அவர் பக்கம் திரும்பினாள்.

"முழுசா வேணுமாண்ணா?"

"ஒரு புள்ளி விடாம வேணுமுங்க."

"சரி" என்றாள். சிரிக்கக்கூட இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் கடைசி நாள் பாதையை மட்டும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் வாடகை சைக்கிளில். பனி விலகி வெயில் வந்திருந்தது, தேயிலை பளபளவென்று இருந்தது. எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. மாமா கேட்கவே வேண்டாம், பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தார்.

முதல் கல்லிலேயே பாட்டு நின்றுவிட்டது. டங்! சக்கரத்தின் இரும்பு வளையம் நேராகக் கல்லில் இடித்தது. அடுத்த கல், டங்! காற்று பதினெட்டு. மேலே எண்பத்தெட்டு கிலோ. டயர் பாவம், நசுங்கி ஊத்தப்பமாகிவிட்டது.

"மாமா, காத்து அடிங்க."

"மாஸ்டரு பதினெட்டுதான் வெச்சாங்க." டங்!

அடுத்தது மிஷின். தீப்பெட்டித் திரையில் எறும்பு சைஸ் எழுத்து. மாமாவுக்கு வெள்ளெழுத்து வந்து ஐந்து வருஷமாகிறது. கண்ணாடி இல்லாமல் தன் பட்டறை பில்லையே கையை நீட்டித் தூரமாகப் பிடித்துத்தான் படிப்பார்.

"மாப்ள, என்ன சொல்லுது பாரு."

"இடது பக்கம் போகச் சொல்லுது மாமா."

"இடது பக்கம் புதரல்லோ இருக்குது?"

"கோடு அங்கதான் போகுது."

போனோம். முள் கீறக் கீறப் புதருக்குள் சைக்கிளைத் தள்ளினோம். இருபது அடி போனதும் கோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியே வெளியே போனது. மாமா மிஷினைப் பார்த்தார். புதரைப் பார்த்தார்.

"எதுக்கு மாப்ள இங்க வந்திருப்பாங்க?"

"மாமா... மூணு நாள் பந்தயம். காட்டுல பாத்ரூம் எங்க இருக்கும்? யோசிங்க."

அவர் யோசித்தார். அப்புறம் இரண்டு பேரும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் "இருந்தாலும் நாம ஒரு புள்ளி விடலை பாத்தியா" என்றார். மனுஷன் திருந்துவதாக இல்லை.

யூகலிப்டஸ் காட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கோடு வலது பக்கம் இறங்கியது. அது என்ன இறக்கம் தெரியுமா! நாலு கிலோமீட்டர், மிதிக்கவே வேண்டாம். சருகு பறக்கிறது, காது அடைக்கிறது, மாமா "ஏய்ய்ய்ய்" என்று கத்திக்கொண்டே போகிறார். நானும் கத்தினேன். எதற்கென்று தெரியாது, கத்தினேன்.

அடியில் ஒரு இரும்பு கேட். பூட்டு. பக்கத்தில் இருக்கும் மரங்களுக்கெல்லாம் முள்கம்பி. கேட்டுக்கு அந்தப் பக்கம் பாதையே இல்லை, பள்ளம்.

"கோடு என்ன சொல்லுது?" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது.

நான் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கேட்டுக்கு முன்னால் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. ஈ மொய்த்த மாதிரி. ஆள் நகராமல் ஒரே இடத்தில் இருந்தால்தான் அப்படி விழும். அதற்கப்புறம் கோடு திரும்பி, நாங்கள் வந்த வழியே மேலே ஏறியது.

"மாமா, இது அந்தப் பொண்ணு வழி தப்பி வந்த இடம்."

"மாஸ்டரா? மாஸ்டராவது வழி தப்பறதாவது."

"பாருங்க, இங்கயே நின்னிருக்குது. ரொம்ப நேரம்."

மாமா என் கையிலிருந்து மிஷினை வாங்கித் தூரமாகப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். நாலு கிலோமீட்டர் மேட்டில் சைக்கிளைத் தள்ளுவது யார்? என் அப்பனா?

தள்ளினோம்.

மேலே பிரிவுக்குப் பக்கத்தில் கோடு இன்னொரு வளைவு வளைந்து ஒரு டீக்கடை வாசலில் முட்டியது. கடைக்காரம்மா பெயர் மரகதம். எங்கள் கோலத்தைப் பார்த்ததுமே கேட்காமல் இரண்டு டீ போட்டார்.

"கீழ கேட்டு வரைக்கும் போயிட்டு வர்றீங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சைக்கிள்காரங்க இப்படித்தான் ஏறி வருவீங்க. போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு. இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு. 'அக்கா, எல்லாம் போச்சு'ன்னு சொல்லிச்சு. அப்புறம் ரெண்டு வர்க்கி தின்னுச்சு, டீ குடிச்சுச்சு, காசு குடுத்துச்சு, மூக்கை உறிஞ்சிட்டே கிளம்பிப் போயிடுச்சு. ஊர் போய்ச் சேர்ந்துச்சோ என்னவோ."

மாமா டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஆறி ஆடை படிந்துவிட்டது.

"சேர்ந்துட்டாங்க" என்றார் கடைசியில். "முதல்ல வந்தாங்க."

"அப்படியா! அழுத கண்ணோடயா?" என்று மரகதம் அக்கா கைகொட்டிச் சிரித்தார்.

கோத்தகிரி திரும்பியதும் நான்தான் எகிறினேன். "ஏம்மா டீச்சர், அந்தக் கேட்டு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பாதி நாள் போச்சு!"

"ஒரு புள்ளி விடாம வேணும்னு அண்ணன் கேட்டாரே" என்றாள் எஸ்தர்.

மாமா சண்டைக்கு வரவில்லை. போர்வையை மறுபடி விரித்தார். சும்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மெல்லிசு டயரைக் கழற்றிவிட்டுத் தடிச்ச டயரை எடுத்து மாட்டினார். அதை வளையத்தில் ஏற்றுவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எஸ்தர் உதவிக்கு வரவில்லை, பந்தயத்தில் யார் வருவார்கள்?

"காத்து எவ்வளவுங்க மாஸ்டர்?" பழக்கதோஷம், கேட்டுவிட்டார்.

"மேல உக்காரப் போறது நானாண்ணா?"

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். தானே ஏறி உட்கார்ந்து, குனிந்து டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்த்தார். இறங்கிக் காற்று அடித்தார். மறுபடி உட்கார்ந்தார். வாசல்படியில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். டங் என்ற சத்தம் வரவில்லை. அந்தக் காற்றளவு என்ன என்று எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

தீப்பெட்டி மிஷினைப் பையில் போட்டுவிட்டுப் பெரிய திரையை எடுத்து ஹாண்டில்பாரில் பொருத்தினார். அதில் பந்தயக்காரர்கள் அனுப்பிய வழியை ஏற்றினார். ஏற்றிவிட்டு எஸ்தரைப் பார்த்தார். அவள் காபி போட உள்ளே போனாள்.

பந்தயம் வந்தது. எஸ்தர் இந்த வருஷம் ஓட்டவில்லை, பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை. மூன்றாம் நாள் மத்தியானம் பள்ளி விட்டு நேராக முடிவுக்கோட்டுக்கு வந்தாள். நான் முந்தின நாளிலிருந்தே அங்கேதான் இருந்தேன், போனைக் கீழே வைக்காமல். ஓட்டுகிறவர்கள் எல்லோர் பையிலும் ஒரு சின்னக் கருவி கட்டி அனுப்பியிருந்தார்கள். யார் எங்கே இருக்கிறார் என்று போன் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். எங்கள் மாமா ஒரு பச்சைப் புள்ளி.

பச்சைப் புள்ளி அருமையாக வந்துகொண்டிருந்தது. இரண்டு மலை தாண்டிவிட்டது. பஞ்சர் இல்லை, நிற்கவில்லை. நான் அக்காவுக்குப் போன் போட்டு, "உன் வீட்டுக்காரர் புலி!" என்று கத்தினேன்.

வாய் வைத்த நேரம், புள்ளி கோட்டை விட்டு விலகியது.

"எஸ்தர்! இங்க பாருங்க! எங்க போறாரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். அது நாங்கள் போன கேட் இறக்கம் இல்லை, அதற்கு அப்புறம் இன்னொரு மலை, இன்னொரு காடு. இரண்டு பாதை ஒட்டி ஒட்டி ஓடும் இடம். மாமா பக்கத்துப் பாதையில் விழுந்துவிட்டார். புள்ளி ஜோராகப் பறந்தது. கத்திக்கொண்டே இறங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு இறக்கம் கிடைத்தால் போதும், உலகம் மறந்துவிடும்.

"ஒரு போன் போடறேன். ஒரே ஒரு போன்."

எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "போட்டீங்கன்னா அவர் பந்தயம் அங்கயே முடிஞ்சுது. வெளி உதவி."

"அவருக்கு இது உயிரு எஸ்தர்!"

"தெரியும்" என்றாள். பிடியை மட்டும் விடவில்லை.

புள்ளி நின்றது.

நகரவே இல்லை. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன். எனக்கு அந்த இடம் தெரியாது, ஆனால் மாமா அங்கே என்ன செய்துகொண்டிருப்பார் என்று தெரியும். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார். கையில் போன் இருக்கும். ஜீப்காரர் நம்பர் அதில் இருக்கும். திருப்பூர் டீக்கடையில் எல்லோரும் சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்டது. வெய்யில் இறங்கிக்கொண்டிருந்தது. கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எஸ்தர் அவள் கடவுளிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜீப்புன்னா வேகமாப் போகும். மெதுவாப் போனா தள்ளிட்டு வர்றார்னு அர்த்தம்" என்றாள்.

"நகரவே இல்லையே!"

"பொறுங்க."

புள்ளி அசைந்தது. ஒரு மயிரிழை. இறங்கிய வழியிலேயே மேலே. நான் மூச்சுவிடவில்லை. இன்னொரு மயிரிழை. ஆமை வேகம்.

"தள்றாரு!" என்று எஸ்தர் கத்தினாள். டீச்சர் என்பதெல்லாம் மறந்து எம்பிக் குதித்தாள். "அண்ணன் தள்றாரு!"

நான் அழுதேன். வெட்கமென்ன, அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்கள்.

புள்ளி மேட்டைத் தாண்டிக் கோட்டில் ஏறியதும் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. மிச்சம் இருந்த தூரத்தையும் நேரத்தையும் பார்த்தால் நம்பிக்கைக்கு இடமே இல்லை. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் ரோட்டு வளைவு வரைக்கும் ஓடிப்போய் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். உதவத்தான் கூடாது, கத்தலாம்.

ஆறு மணி நெருங்க, முடிவுக்கோட்டை அடைப்பதற்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆள் வந்துவிட்டார். அப்போது வளைவில் தெரிந்தது, சேற்றில் முக்கி எடுத்த ஒரு உருவம், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. எருமைத் தோல் டயர் இரண்டும் முழுசாக இருந்தன. மாமா முடிவுக்கோட்டைத் தாண்டி, சைக்கிளோடு அப்படியே புல்லில் சரிந்தார்.

நான் போய்க் கட்டிக்கொண்டேன். "மாமா! ரெண்டு சக்கரத்துல! ரெண்டு சக்கரத்துலயே!"

"தண்ணி குடுறா முதல்ல" என்றார்.

குடித்தார். தலையில் ஊற்றிக்கொண்டார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். அதற்குள் குரூப்பில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அடுத்த வருஷத்துக்கு உங்க வழியை அனுப்புங்க அண்ணா என்று. ஜீப் சென்னியப்பன் வழியை! மாமா எழுந்து உட்கார்ந்து மிஷினை எடுத்தார். தன் கோட்டைப் பெரிய திரையில் விரித்துப் பார்த்தார். மூன்று மலை ஏறி இறங்கிய கோடு. கடைசி மலையில் மட்டும் அது தூண்டில் முள் மாதிரி கீழே போய், அடியில் புள்ளிகள் குவிந்து, மறுபடி மேலே வந்திருந்தது.

அவர் முகம் சுருங்கியது.

"மாஸ்டர், இந்த எடம் பாக்க அசிங்கமா இருக்குதுங்க. இதை மட்டும் வெட்டிப்புட்டு அனுப்பட்டுமுங்களா?"

எஸ்தர் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"வெட்டிட்டா வழி இருக்கும்ணா" என்றாள். "நீங்க திரும்பி வந்தது இருக்காது."